ஒரு மண்வெட்டி அகலம்

2023.12.30
ஆற்றுவாயடி

வசந்தாதேவிக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. போட்டால் பொய்யாகிவிடும்.

உன்னோடும் உன் புருசனோடும் இனி ஒரு சொல் கதைப்பதில்லை என்று அம்மாவின் சடலத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவள் நான். பதின்மூன்று வருஷமாகப் போகிறது. இப்போதும் கதைக்கவில்லை. எழுதுகிறேன். வாயைப் பற்றித்தான் சத்தியம் செய்தேன், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி கஜானி ஃபோனை நீட்டி, "அம்மம்மா, ஒரு வொய்ஸ் போடுங்க, நான் அனுப்பிவிடுறன்" என்றாள். அதுவும் வாய்தானே புள்ள என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. கஷ்டப்பட்டு வாசி.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை உன் புருசன் வினாயகமூர்த்தி மூன்று பேரோடு எங்கள் ஆற்றுவாய்க்கு வந்தார். ஆற்றையும் கடலையும் பிரித்துக்கொண்டு கிடக்கிற மணல்மேட்டில் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார். வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மேட்டை வெட்டி ஆற்றைக் கடலில் விடுகிற யோசனை என்று குருடனுக்கும் விளங்கும்.

2011 தை மாதப் பெரிய வெள்ளத்திலும் இப்படித்தான் வந்து அளந்தார். வெட்டினார். அன்று விடிய என் வீட்டுத் தென்சுவரிலிருந்து வளவு மணல் முடிகிற விளிம்பு வரை, காலை எட்டி வைத்து நடந்தால் நாற்பத்தாறு கவடு. பின்னேரம் பதினொரு கவடு. பதினான்கு தென்னை போனது. கிணறு போனது. அம்மாவின் அடுப்படி போனது. மூட்டின அடுப்பு புகைந்தபடி ஆற்றுக்குள் இறங்கியது என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சொல்லி அழுதா. மூன்று மாதம் கூட இருக்கவில்லை.

இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஆறு, முன்னால் பதினொரு கவடு மணல். எனக்கென்று மிச்சம் இருப்பது அவ்வளவுதான். ஒவ்வொரு விடியலும் நடந்து அளக்கிறேன்.

உன் புருசனிடம் சொல்லு. இந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது.

உங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருகிற அக்ரம் தம்பியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆச்சிப்பிள்ளை


2024.01.01
படுவான்கரை

அக்கா,

எனக்கு அப்படிச் சத்தியம் எதுவும் இல்லை, அன்புள்ள என்று தாராளமாகப் போடலாம். போட்டால் அதிலும் நீங்கள் ஒரு குற்றம் பிடிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

அக்ரம் தம்பி உங்கள் கடிதத்தை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சூடை மீன் மணத்தோடு வாசித்தேன். "அக்காவும் தங்கச்சியும் ஃபோன்ல கதைச்சா கம்பனிக்காரனாவது பிழைப்பான், நான் என்ன தபால்காரனா?" என்றார். பிறகு, "அடுத்தது எப்ப தருவீங்க?" என்றும் கேட்டார்.

இங்கே வெள்ளம் வரம்புக்கு மேலே நிற்கிறது. மலைப்பக்கத்து மழையும், உன்னிச்சைக் குளம் வான் பாய்ந்த தண்ணீரும், எல்லாம் வாவிக்குத்தான் வருகின்றன. வாவியிலிருந்து கடலுக்குப் போக வழியில்லை. நிரம்பி, திரும்பி, எங்கள் வயல்வட்டை முழுக்க ஏறி உட்கார்ந்திருக்கிறது. வயலெல்லாம் குடலைப் பருவம் அக்கா. கதிர் இன்னும் வயிற்றுக்குள் இருக்கிறது. பயிர் நுனி மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிகிறது. இன்னும் ஒரு கிழமை தண்ணீர் நின்றால் வயிற்றோடு அழுகிவிடும்.

மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரம் அனுப்புவதாக அரசாங்க அலுவலகத்தில் சொன்னார்கள். வீதி வெள்ளத்தில் வெட்டுண்டு போனதால் அது வரவில்லை. கையால் வெட்டுங்கள் என்று அனுமதி தந்துவிட்டார்கள். எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்று ஒருவருக்கும் உறுதியாகத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அப்பாவின் காலடியிலேயே திரிந்தவர் நீங்கள். எனக்கு அவர் ஒன்றும் காட்டவில்லை.

மூத்தவளுக்குத் தாய்வீட்டு வளவு, இளையவளுக்கு வயல் என்று அம்மா பிரித்தா. நம் ஊர் வழக்கம் அதுதான், குறை சொல்லவில்லை. பதினெட்டு வயதில் ஆற்றைக் கடந்து வந்தேன். அன்றிலிருந்து உங்கள் பக்கத்துக்கு நான் மேற்குக் கரைப் பட்டிக்காட்டு ஆள், படுவான்கரைக்காரி. உங்கள் மகளின் கலியாணத்தில், நான் வாசலில் நிற்கும்போதே, "படுவான்கரைக்காரர் வந்திட்டாங்க, பெரிய பானைல சோத்தப் போடுங்க" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அன்று பசியோடு வீட்டுக்கு வந்தேன்.

அதெல்லாம் இருக்கட்டும். அப்பா வெட்டின இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

வசந்தா


2024.01.02
ஆற்றுவாயடி

வசந்தாதேவிக்கு,

பெரிய பானைக் கதை சொன்னவள் நான் இல்லை. என் புருசன் சீனித்தம்பியின் தங்கச்சி. 1998 ஆவணி, வெள்ளிக்கிழமை, நீ பச்சைச் சேலை உடுத்திருந்தாய். அவளை நான் அப்போதே ஏசினேன், அவளோடும் இரண்டு வருஷம் கதைக்கவில்லை. உனக்கும் கேட்டதென்று தெரியாது, கறியில் உப்பில்லை என்று நீ போனதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அதையும் மனதில் வைத்திருந்தேன். இனி அதை எடுத்துவிடலாம்.

அப்பா வெட்டினது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறாய். எனக்கு அப்போது ஒன்பது வயது. நீ பால்குடி. மேட்டில் நாற்பது ஆண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வெட்ட வேண்டும் என்று எல்லோரும் சத்தம். அப்பா தன் மண்வெட்டியைக் குறுக்கே மணலில் வைத்தார். அதன் இரண்டு பக்கமும் கோடு கீறினார். அவ்வளவுதான் அகலம். "இந்த ஓட்டையாலயா இம்புட்டு ஆறும் போகப்போகுது?" என்று சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "அகலமா வெட்டினா தண்ணி நடக்கும் புள்ள. ஒடுக்கமா வெட்டினா ஓடும்."

நான் கண்டேன் வசந்தா. அந்த ஒரு மண்வெட்டி அகலம் மத்தியானத்துக்குள் ஒரு பெரிய வீதியானதை இந்தக் கண்ணால் கண்டேன். ஆறு அதற்குள் தலையைக் குனிந்து நுழைந்தது. அன்று இரண்டு நாள் எனக்குப் பேச்சு வரவில்லை என்று அம்மா வேப்பிலை அடிக்கக் கொண்டுபோனா.

இடமும் தெரியும், அடையாளமும் தெரியும். சொல்ல மாட்டேன். இப்போதுள்ள கரையில் அந்த இடம் என் சுவரிலிருந்து நூறு கவடு கூட வராது. உன் வயல் அழுகினால் அடுத்த போகம் விதைக்கலாம். என் பதினொரு கவடு போனால் எனக்கு அடுத்த போகம் இல்லை. இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று எங்கள் மீன்பிடிக்காரரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் வாய் திறந்தால் அவர்களுக்கும் ஆகாது.

ஆச்சிப்பிள்ளை


2024.01.04
படுவான்கரை

அக்கா,

இன்று காலை நுனியும் தெரியவில்லை. மேல்வயலில் மட்டும் பச்சை தெரிகிறது.

எழுதக் கூடாது என்று பதின்மூன்று வருஷம் வைத்திருந்ததை எழுதுகிறேன். இதைக் கோபத்தில் எழுதுகிறேன். கோபம் தணிந்தால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுத வேண்டும்.

அந்த வெள்ளத்தில் இவர் வெட்டினது நேர் வெட்டு. எனக்கு எப்படித் தெரியும்? இவர் இடுப்பில் கட்டின கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு தென்கரையில் நின்றது நான். வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று நீங்கள் அதற்கு முதல் நாள் தென்னங்குற்றியும் மண்மூட்டையும் போட்டு ஒரு அணை கட்டினீர்கள். வளவு மூலையிலிருந்து முழங்கையை நீட்டின மாதிரி அது ஆற்றுக்குள் நீண்டிருந்தது. அம்மாவின் கால் நனையக் கூடாது என்றுதான் கட்டினீர்கள். எனக்குத் தெரியும்.

வாய் திறந்ததும் தண்ணீர் நேராகத்தான் வந்தது. வந்த வேகத்தில் உங்கள் அணையில் மோதியது. போக முடியவில்லை. சுற்றிக்கொண்டு அணைக்குப் பின்னால் போய்ச் சுழித்தது. சுழி மண்ணை அடியிலிருந்து தின்றது. முதலில் அடுப்படி. பிறகு கிணறு. தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலையாட்டிக்கொண்டு போயின. நீங்கள் அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு வீதிக்கு ஓடிக்கொண்டிருந்தீர்கள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் அக்கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீரின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

செத்த வீட்டில் நீங்கள் எழும்பி, ஊருக்கு முன்னால் இவரைச் சபித்தீர்கள். இவர் என் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினேன். அம்மா கிடக்கிறா. 'அம்மாவின் அடுப்பைத் தின்றது உன் அணைதான்' என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? இவர் அன்றிலிருந்து, உங்கள் ஊரார் கூடுகிற களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போகவில்லை. "மச்சாள் அம்மாவ இழந்தவ, நான் ஒரு சந்தையத்தானே இழந்தன்" என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான்.

சொல்லாமல் இருந்தது என் பெரிய மனது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். எழுதிக்கொண்டு வரும்போது தெரிகிறது, பாதிதான் அது. உங்களைவிட நான் நல்லவள் என்று நினைத்துச் சந்தோஷப்பட எனக்குள்ளே ஒரு சின்ன அறை வைத்திருந்தேன். அதில் நான் ஒருத்தி மட்டுந்தான் போய் இருக்கலாம், வேறொருவருக்கும் இடமில்லை.

வருஷா வருஷம் நீங்கள் அந்த அணைக்கு மூட்டை சேர்க்கிறீர்களாம், இப்போது ஆள் உயரமாம். அக்ரம் தம்பி சொன்னார். அது அங்கே இருக்கும்வரை யார், எங்கே வெட்டினாலும் ஆறு உங்கள் பதினொன்றையும் தின்னும்.

இதைக் கிழித்துப் போடலாமா என்று யோசிக்கிறேன். வாசலில் அக்ரம் தம்பி ஹோர்ன் அடிக்கிறார்.

வசந்தா


2024.01.05
ஆற்றுவாயடி

பொய்.

என் அணை இல்லையென்றால் அந்தப் பதினொன்றும் இருந்திருக்காது. அம்மாவை இதற்குள் இழுக்காதே. இனி கடிதமும் வேண்டாம்.

ஆச்சிப்பிள்ளை


2024.01.06
ஆற்றுவாயடி

வசந்தாதேவிக்கு,

நேற்று வேண்டாம் என்று எழுதினேன். இன்று எழுதுகிறேன். அதைப் பெரிதாக எடுக்காதே.

பொய் என்று எழுதி அனுப்பிவிட்டு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உன் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் நீ பொய் சொன்னதாக ஒரு நாள், ஒரு இடம் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. என் ஞாபகத்துக்கு வராதது நடந்திருக்காது. அதுதான் என்னைக் கொன்றது.

விடிந்ததும் மழைத் தண்ணீர் முற்றத்தில் தேங்கி நின்றது. குடையைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். மணலால் ஒரு மேடு கட்டித் தண்ணீரை மறித்தேன். அகப்பைக் காம்பால் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டினேன். தண்ணீர் நேராகப் போனது, இரண்டு கரையும் ஒரே அளவாய்த் தேய்ந்தது. நல்லது. மறுபடி மேடு கட்டினேன். இந்த முறை, வெட்டுக்கு முன்னால் ஒரு பக்கத்தில் அரைச் செங்கல்லைச் சரித்து வைத்தேன். அதுதான் என் அணை. செங்கல்லுக்குப் பின்னால் தீப்பெட்டி ஒன்றை வைத்தேன். அதுதான் அம்மாவின் அடுப்படி.

வெட்டினேன். தண்ணீர் செங்கல்லில் முட்டியது. ஒரு கணம் நின்றது. பிறகு பூனை வாலைச் சுருட்டுவதுபோல் சுருண்டு பின்னால் போனது. தீப்பெட்டியின் அடியில் மணல் கரைந்தது, மேலே ஒன்றும் தெரியவில்லை. பெட்டி அப்படியே இருந்தது. அப்படியே இருந்தது. பிறகு தலைகுப்புறப் போனது.

ஏழு முறை செய்தேன். செங்கல்லை இடம் மாற்றினேன். பெரிய கல் வைத்தேன். பெரிய கல் வைத்தால் பெரிய சுழி. ஏழு முறையும் தீப்பெட்டி போனது. செங்கல் ஒருமுறையும் அசையவில்லை. இத்தனை வருஷம் நான் என் அணையைப் பார்த்துப் பார்த்து, "பார், ஒரு மூட்டை நகரவில்லை" என்று பெருமைப்பட்டேனே, அது சரிதான். அது நகராது. நகராமல் நின்றுதான் தின்னக் கொடுத்திருக்கிறது.

கஜானி வாசலில் நின்று, "அம்மம்மா மண்சோறு கறி விளையாடுறா" என்று ஃபோனில் படம் பிடித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கீழே வைத்தாள். குடை எப்போது கையை விட்டுப் போனதென்று எனக்குத் தெரியாது. நனைந்திருந்தேன்.

ஒரு விரல் அகலத் தண்ணீருக்கு இவ்வளவு தெரியும் என்று எழுபத்து நான்கு வயதில் கண்டேன்.

அணையைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். கஜானியும் அயலில் இரண்டு பேரும் அக்ரம் தம்பியும் இழுக்கிறார்கள். இருநூற்றுப் பத்து மூட்டை. ஒவ்வொன்றும் எந்த வருஷம் வைத்தேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் மீன்பிடிக்காரரிடமும் சொல்லிவிட்டேன், "இறால் போனா திரும்பி வரும், பயிர் வராது" என்று. முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

உன் புருசன் ஆட்களோடு வரட்டும். அகலம் நான் சொல்கிற அகலம். ஒரு அங்குலம் கூடினாலும் மண்வெட்டியைப் பறிப்பேன்.

ஆச்சிப்பிள்ளை


2024.01.07
படுவான்கரை

அக்கா,

நாளைக் காலை, ஆற்றைக் கடக்கிற முதல் பாதைப் படகில் வருகிறார்கள். பதினொரு பேர். எனக்கு முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, வர முடியாது.

கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். தீப்பெட்டி வந்த இடத்தில் எழும்பி வெளியே போய்விட்டார். எனக்கு வென்ற மாதிரி இல்லை. உங்களை நனைய வைத்துவிட்டேன் என்றுதான் இருந்தது.

அம்மாவின் கால் நனையக் கூடாது என்று கட்டினீர்கள். நனையவில்லை, அக்கா. முதுகில்தானே போனா.

இவர் எழுபத்தொரு வயது ஆள். வெள்ளத்துக்குப் பயமில்லை, உங்களை நினைத்தால்தான் பயம். புதுச் சட்டை கேட்கிறார், மண் வெட்டப் போகிற மனிதர்.

வசந்தா


2024.01.09
ஆற்றுவாயடி

வசந்தா,

உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று விடிய வந்தார்கள். உன் புருசன் நீலச் சட்டை. நான் மேட்டில் கம்போடு நின்றேன். அடையாளம் சொல்கிறேன், இனி உனக்கும் தெரிந்திருக்கட்டும்: கடலைப் பார்த்து நிற்க வேண்டும். அலை இந்தப் பக்கமும் உடையும், அந்தப் பக்கமும் உடையும். நடுவில் ஒரு இடத்தில் உடையாமல் கறுப்பாய் வரும். அங்கே அடியில் ஆழம். அதற்கு நேரே வெட்ட வேண்டும். அப்பா சொன்ன அடையாளம் இதுதான். எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு இடம் தேடுவார்கள். அவர் முதுகை ஆற்றுக்குக் காட்டி நின்றார்.

மண்வெட்டியைக் குறுக்கே வைத்துக் கோடு கீறினேன். தொண்ணூறு கவடு நீளம், இடுப்பளவு ஆழம், அகலம் ஒரு மண்வெட்டி. ஒருவர் சிரித்தார். சத்தியம் இருந்ததால் நான் நேரே கதைக்கவில்லை. "கஜானி, அந்த மனிசனிட்டச் சொல்லு, ரெண்டு விரல் கூடப் போகுது எண்டு." உன் புருசன் நிமிராமலே சொன்னார்: "மகள், அம்மம்மாட்டச் சொல்லு, எனக்குக் காது கேக்குது எண்டு." ஆட்கள் வெட்டுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கும் வந்தது. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கடல் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்து, ஆற்றோரத்தில் ஒரு கவடு மண்ணை மட்டும் விட்டார்கள். கடல் வற்றத் தொடங்கும்வரை இருந்தோம். பத்து மணியளவில் உன் புருசன் அந்தக் கடைசி மண்ணை வெட்டினார்.

என்ன வந்தது தெரியுமா? ஒரு சேலைக்கரை அகலத்துக்குத் தண்ணீர். கலங்கல். சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து பாதித் தூரம் போனது, மணல் உறிஞ்சிவிட்டது. ஒரு நண்டு குறுக்கே நடந்து போனது. சிரித்தவர் மறுபடி சிரித்தார். அப்பா சொன்னது பிழையோ, என் ஞாபகம் பிழையோ, ஒரு பிழை வந்தால் எல்லாம் பிழையோ என்று நின்றேன்.

இரண்டாவது நாக்கு வந்தது. முதல் நாக்கைத் தாண்டிப் போய்க் கடலைத் தொட்டது. தொட்ட உடனே வசந்தா, அந்த வாய்க்கால் முழுக்க ஒரு இழுப்பு. யாரோ கடலுக்குள் இருந்துகொண்டு கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி. தண்ணீரின் நிறம் மாறியது. சத்தம் மாறியது. கரை இரண்டு பக்கமும் பொத், பொத் என்று விழத் தொடங்கியது. சோறு ஒரு கொதி வருகிற நேரத்துக்குள் ஒரு மாடு படுக்கிற அகலம். உலை இறக்குகிற நேரத்துக்குள் ஒரு வண்டி. ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. தொட வேண்டியதும் இல்லை. ஆறு தன் வாசலைத் தானே செதுக்கிக்கொண்டு போனது.

பிறகு வந்ததை எப்படி எழுதுவேன்? ஆற்றுவாழைச் செடி கொத்துக் கொத்தாய், பூவோடு. ஒரு வைக்கோல்போர் முழுசாய், அதன் மேல் இரண்டு கொக்கு. யாருடையதோ வாசல் கதவு. மீன் எல்லாம் வெள்ளியாய்த் துள்ளித் துள்ளி, கடலா ஆறா என்று தெரியாமல். மலைத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், உன் வயல் தண்ணீர், நாங்கள் பேர் அறியாத ஊர்களின் முற்றத்துத் தண்ணீர், எல்லாம் நான் கம்பால் கீறின கோட்டுக்குள்ளால் போகிறது. நீலக் கடலுக்குள் மண்ணிறமாய் ஒரு பாதை கண்ணுக்கு எட்டுமட்டும் நீண்டது. சிரித்தவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்திருந்தார். கஜானியின் கையில் ஃபோன் இருந்தது, படம் எடுக்க மறந்துவிட்டாள். ஒன்பது வயதில் எனக்கு ஏன் பேச்சு நின்றதென்று நேற்றுத்தான் எனக்கே விளங்கியது.

நான் அணை இருந்த மூலையைப் பார்த்தேன். தண்ணீர் வந்தது. அந்த இடத்தில் முட்ட ஒன்றும் இல்லை. கரையைத் தடவிக்கொண்டு நேரே போனது. சுழி இல்லை, வசந்தா.

அப்போதுதான் கண்டேன். உன் புருசன் விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் மணலில் ஒரு வெடிப்பு, மயிர்க்கோடு மாதிரி. அது நீண்டுகொண்டு போகிறது. கஜானி தூரத்தில். வேறு ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"மூர்த்தி! பின்னால வா! வெடிக்குது, வா!"

வாயால்தான் கத்தினேன். அவர் ஒரு எட்டு, இரண்டு எட்டு பின்னால் பாய்ந்தார். அவர் நின்ற இடம் சத்தமில்லாமல் போய்விட்டது. மணலில் குந்திக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சாள் கூப்பிட்டா வராம இருப்பனா?" என்றார்.

சத்தியம் போய்விட்டது. அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை நான் சொல்லிக்கொள்கிறேன். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டாவது கோப்பையும் கேட்டார், கொடுத்தேன்.

அக்கா


2024.01.12
படுவான்கரை

அன்புள்ள அக்கா,

போட்டுவிட்டேன். குற்றம் பிடியுங்கள்.

அன்று இவர் இன்னும் வந்து சேரவில்லை. நான் முழங்காலை இழுத்துக்கொண்டு வரம்படிக்குப் போயிருந்தேன். எங்கள் வயலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. பத்து நாளாய் அசையாத தண்ணீர். மூலையில் ஒரு வைக்கோல் துண்டு மிதந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மெல்லத் திரும்பியது. கிழக்கே போகத் தொடங்கியது. ஒரு சாண், இரண்டு சாண். காற்று இல்லை. யாரும் தொடவில்லை. பத்து மைலுக்கு அங்கால் என் அக்கா வாசலைத் திறந்துவிட்டா என்று அந்த வைக்கோல் எனக்குச் சொன்னது. யாரும் ஃபோன் எடுக்க முன்னமே தெரிந்துவிட்டது. வரம்பில் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் வரம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. மேல்வயல் தப்பியது. கீழே இரண்டு ஏக்கர் அழுகிவிட்டது, மணக்கிறது. மிச்சத்தில் முதல் கதிர் நேற்று வெளியே தலை நீட்டியது. சேறு பூசின பிள்ளை மாதிரி.

இவர் வீதியில் போகிற வருகிறவரை எல்லாம் மறித்து, "மச்சாள் என்ர பேரச் சொல்லிக் கூப்பிட்டா" என்கிறார். தான் சாகப் பார்த்ததைச் சொல்வதில்லை.

ஒன்று கேட்க வேண்டும், கேட்கப் பயமாக இருக்கிறது. உங்கள் பதினொரு கவடு இருக்கிறதா?

வசந்தா


2024.01.14
ஆற்றுவாயடி

வசந்தா,

ஒன்பது.

இரண்டு கவடு போனது. ஆறு அகன்றுகொண்டு வரும்போது, மூன்றாம் நாள், மெல்ல எடுத்தது. கஜானி அழுதாள். நான் விளிம்பில் நின்று எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வருமென்று காத்து நின்றேன், வசந்தா. பழகின பாதையில் கால் தானாக வருமே, அப்படி. வரவில்லை. இப்போது வாயின் அகலம் இருநூறு கவடு. வீடு நிற்கிறது. ஒன்பதுக்கு மேல் குறையவில்லை, மூன்று விடியல் அளந்துவிட்டேன்.

நேற்றுக் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போனேன். எங்கள் ஊர் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்ற இடமாய்ப் பார்த்துச் சொன்னேன். வினாயகமூர்த்தி வெட்டினது நேர் வெட்டு, அம்மாவின் அடுப்படியைத் தின்றது என் அணை என்று. செத்த வீட்டில் அவரைச் சபித்தபோது எவ்வளவு சத்தமாய்ச் சொன்னேனோ, அவ்வளவு சத்தமாய். கத்தரிக்காய்க்காரி, "இப்ப ஏன் ஆச்சி அதச் சொல்லுறீங்க, அது பழைய கதைதானே?" என்றாள். "எனக்கு இப்பதான் புதுசு" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டு வந்து படுத்தால், நெஞ்சுக்குள் ஒரு இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. உன் புருசனை வைத்திருந்த இடம். எவ்வளவு பெரிய இடம் அது! இவ்வளவு இடத்தை ஒரு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, நான் எந்த மூலையில் ஒடுங்கி இருந்தேன் என்று தெரியவில்லை. திசை பிடிபடாமல் நடக்கிறேன். சில நேரம் பழைய பழக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன், கடிக்க ஒன்றும் இல்லை.

அம்மாவைத்தான் நினைக்கிறேன். நீ எழுதினாயே, முதுகில்தானே போனா என்று. அந்த வரியைப் பத்துத் தரம் வாசித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவளுக்குப் பத்துத் தரம் என்றால் அரைநாள்.

முழங்கால் சரியானதும் வா. புருசனையும் கூட்டிக்கொண்டு வா, சந்தையில் அவர் மீன் வாங்கட்டும், நான் சமைக்கிறேன். வந்து ஆற்றுவாயைப் பார். பங்குனியில் கடல் மறுபடி மண் போட்டு மூடிவிடும், அதற்கு முன்னால் பார்க்க வேண்டும். நீ அக்கரையில் நின்று கத்தின இடத்தையும் எனக்குக் காட்ட வேண்டும்.

ஒன்று. இது தீர்ந்துவிட்டதால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு வராதே. 1969 அம்மன் கோயில் சடங்கில் என் புதுச் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போய் வலக்கால் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாய். நாய் தூக்கிப்போனது என்றாய். நாயைத் துரத்திக்கொண்டு ஏன் ஓடவில்லை என்று இன்றுவரை நீ சொல்லவில்லை. இடக்கால் செருப்பு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அது முதலாவது. மிச்சத்தை எழுத என் கையால் முடியாது, நேரே கதைத்தால்தான் ஆகும். மூன்று நாள் நிற்கிற மாதிரி உடுப்பு எடுத்துக்கொண்டு வா.

அன்புள்ள
அக்கா